நெல் மூட்டை மேல் ஓர் இடம்

வலி சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஜெசிந்தா கேட்டாள். உங்களுக்கு அவள் தலைமை பிசியோதெரபிஸ்ட். எனக்கு அவள், படிப்பு முடிந்த கையோடு வந்து சேர்ந்து, முதல் வாரமே என்னிடம் திட்டு வாங்கி, மறுவாரம் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்ட பெண். அவள் கேட்டால் மறுக்க முடியாது. ஆனால் ஊசியை எங்கே குத்துவது, எந்த மாத்திரையை எவ்வளவில் ஆரம்பிப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. நீங்கள் புத்தகத்தை விட்டுவிட்டு ஃபோனில் வீடியோதான் பார்க்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் அடிப்படையில் மயக்க மருந்து டாக்டர். பாதி வாழ்க்கை மனிதர்களைத் தூங்க வைத்தேன். மீதிப் பாதி, வலியால் தூக்கம் வராதவர்களோடு போனது. முதல் வேலையில் நோயாளி வாய் திறக்க மாட்டார், நிம்மதியாக இருக்கும். இரண்டாவது வேலையில் பேச்சுதான் எல்லாம். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்வதற்குத்தான் எனக்கு அதிக வருஷம் பிடித்தது.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எவ்வளவு என்று கேட்கச் சொல்லி நமக்குப் பாடம். கேட்டுப் பாருங்கள். தொட்டியத்தில் வாழை போட்டிருக்கும் ஒருவர், "முப்பத்தஞ்சு போட்டுக்குங்கம்மா, பாஸாயிடட்டும்" என்றார். அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், "வீட்டுல இருந்தா மூணு, பட்டறை வாசலைப் பாத்தா எட்டு" என்றார். இவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம், ஏனென்றால் உண்மையைச் சொல்கிறார்கள். என்னைத் திணற அடித்தவர்கள், மலர்ந்த முகத்தோடு "இப்ப எவ்வளவோ பரவாயில்லைங்க" என்று சொல்கிறவர்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர்கள் அதையே "தேவலை" என்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நமக்கு மனசு குளிர்ந்துவிடும். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிவிடுவோம்.

வரதராஜன் அப்படித் தேவலை சொன்னவர்களில் முதன்மையானவர். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். கல்யாணச் சமையல்காரர். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். அண்டாவையும் அரிசி மூட்டையையும் தூக்கித் தூக்கி இடுப்பு தேய்ந்து, வலி இடுப்பிலிருந்து இடது கால் பாதம் வரை இறங்கியது. அறுவை சிகிச்சை செய்து சரியாகிற வகை இல்லை என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். தேய்ந்தது தேய்ந்ததுதான், ஆனால் அதற்கு மேல் புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. இருந்தும் வலி மட்டும் வருஷக் கணக்காக அடங்கவில்லை. நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான்.

மூன்று மாதத்தில் அவர் சொன்ன எண் ஆறிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து மூன்று என்று ஒழுங்காக இறங்கி வந்தது. அவ்வளவு ஒழுங்காக இறங்கினாலே சந்தேகப்பட வேண்டும். நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஜெசிந்தா மட்டும் ஒருநாள் என் அறைக்குள் வந்து, "மேடம், ஜன்னல் பக்கம் வாங்க" என்றாள்.

கீழே ஆட்டோ நின்றிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் ஏறி இறங்கி மன்னார்புரத்தில் நம் ஆஸ்பத்திரி வரை எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்று உங்களுக்குத் தெரியும். வரதராஜன் இறங்கி, ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி நின்றார். டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், வேண்டாம் என்று கையசைத்தார். வெகு நேரம் கழித்து நிமிர்ந்து, வேஷ்டியைச் சரிசெய்து, துண்டால் முகத்தைத் துடைத்து, முகத்தையும் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். என் எதிரில் உட்கார்ந்து, "தேவலை டாக்டர். மூணுன்னு எழுதிக்கோங்கோ" என்றார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "ஆட்டோகிட்ட நின்னப்ப எத்தனை சார்?" என்று கேட்டேன்.

அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு சிறு பையனைப் போல அசடு வழிந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு சிரத்தையா பாக்கறேள். குறையலைன்னு எப்படிச் சொல்றது? முப்பது வருஷமா சமைச்சுப் போடறவன் நான். பந்தியில ஒருத்தர் முகம் சுளிச்சாலும் அன்னிக்கு எனக்குத் தூக்கம் வராது. உங்களுக்கு அந்தச் சங்கடம் வேண்டாமேன்னு பாத்தேன்."

எவ்வளவோ நாடுகளில் வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள். டாக்டர் மனசு நோகக்கூடாது என்பதற்காக வலியைக் குறைத்துச் சொல்லும் நோயாளி அவர்கள் கணக்கில் வருகிறாரா என்று எனக்குத் தெரியாது. நம் ஊரில் தினம் வருகிறார்.

"உப்பு இல்லைன்னு யாராவது சொன்னாத்தானே சார் அடுத்த பந்திக்குள்ள போட முடியும்?" என்றேன்.

அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "அப்ப சொல்லிடறேன். ஏழு. நாள் முழுக்க ஏழு" என்றார். ராத்திரி புரண்டு படுக்க முடியாததையும் சொன்னார். காவேரியில் படித்துறை இறங்கிக் குளித்து ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். ஒப்புக்கொண்ட சமையலைத் தம்பி முறைக்காரர் ஒருவரிடம் விட்டுவிட்டு, அடுப்படிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தம் போடுவதுதான் இப்போது தன் வேலை என்றார். மனைவியிடம் எரிந்து விழுவதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அன்று நான் அதைக் கேட்டேன். இந்த வலியால் எது உங்கள் கையை விட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள்?

அவர் உடனே பதில் சொன்னார், அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி. "என் பொண்ணு வைதேகிக்குத் தை மாசம் கல்யாணம். அவளை மடியில வெச்சுக்கணும் டாக்டர்."

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அப்பா தாரை வார்த்துக் கொடுப்பதோடு சரி. ஆகையால் எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். முகூர்த்த நேரத்தில் நெல் மூட்டை ஒன்றைப் போட்டு அதன் மேல் பெண்ணின் அப்பா உட்காருவார். கூறைப்புடவை கட்டிய பெண் அவர் மடியில் உட்காருவாள். மாப்பிள்ளை எதிரில் நின்று திருமாங்கல்யம் கட்டுவார். அப்பாவால் முடியாவிட்டால் பெரியப்பாவோ சித்தப்பாவோ உட்காரலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது. வரதராஜனுக்கு ஒரு அண்ணா இருந்தார், நல்ல திடகாத்திரமானவர். நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீ சிரமப்படாதே என்று ஏற்கெனவே சொல்லியும் விட்டார்.

"அண்ணா நல்ல மனசோடதான் சொல்றார்" என்றார் வரதராஜன். "ஆனா நான் எத்தனை கல்யாணத்துக்குச் சமைச்சிருக்கேன். அதுல ஒரு திருமாங்கல்யதாரணம்கூடக் கண்ணால பாத்ததில்லை. கெட்டிமேளம் கேட்டா நாங்க இலை போட ஓடணும். இந்த ஒண்ணுக்காவது நான் அடுப்படியில இல்லாம மணையில இருக்கணும்னு ஆசை. அதுக்கும் முடியாதுன்னு ஆயிடுமோன்னு இருக்கு."

அன்றிலிருந்து எங்களுக்கு வேலை தெளிவாகிவிட்டது. எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டோம், அது நடக்கிற காரியமாகவும் இல்லை. தை மாதத்துக்குள் இந்த மனிதர் நெல் மூட்டை மேல் கால் மணி நேரம் உட்கார வேண்டும். மடியில் ஓர் ஆள் கனம் இருக்க வேண்டும். ஜெசிந்தா பழைய மெத்தைகளைச் சுருட்டிக் கட்டி மூட்டை உயரத்துக்கு ஒன்று செய்துவிட்டாள். முதலில் சும்மா உட்கார வேண்டும். வலி கூடுவதற்கு முன்பே எழுந்துவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அடுத்த நாள் கொஞ்சம் கூடுதல் நேரம். மாத்திரையையும் மாற்றினோம், தூக்கம் வந்தது. ஏழு ஆறானது. உட்காரும் நேரம் கூடியது. இந்த முறை நிஜமாகவே கூடியது.

மார்கழி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி பத்மா மாமி ஃபோன் செய்தார். "டாக்டர், அவர் எழுந்துக்கவே மாட்டேங்கறார். ஸ்டோர் ரூம்ல கிடக்கறார்."

நான் வீடுகளுக்குப் போகிற வழக்கம் கிடையாது. அன்று போனேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஜமக்காளத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். பக்கத்தில் ஒரு மூட்டை சாய்ந்து கிடந்தது. நடந்தது இதுதான்: ஜெசிந்தாவின் வேகம் அவருக்குப் போதவில்லை. வெறும் மடியோடு உட்கார்ந்து என்ன பிரயோஜனம் என்று தினமும் விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து இன்னொரு மூட்டையை மடியில் இழுத்துவைத்துப் பழகியிருக்கிறார். முதலில் சின்ன மூட்டை. அப்புறம் பெரியது. பெண்ணின் கனத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று கணக்கு. சமையல்காரர் ஆயிற்றே, மூட்டைக்கு என்ன பஞ்சம்.

இப்படிப்பட்ட நேரத்தில் நீங்கள் இரக்கப்படுவதற்கு முன்னால் பயப்பட வேண்டும். முதுகு நரம்பு நசுங்கியிருக்குமோ என்று, சிறுநீர் போகிறதா, கால் பெருவிரலை மேலே தூக்க முடிகிறதா, இரண்டு தொடைக்கு நடுவே தொட்டால் தெரிகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அதற்கப்புறம் கோபமும் வந்தது. அவர் கிடந்த கோலத்தைப் பார்த்துத் திட்டவில்லை.

கூடத்தில் குடும்பம் கூடியிருந்தது. அண்ணா ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மாமிதான் பேசினார். "முதுகுல ஒரு ஊசி போடுவேளாமே. போட்டா இடுப்புக்குக் கீழே வலியே தெரியாதாம். அன்னிக்குக் காலம்பற மட்டும் வந்து போட்டுடுங்கோ."

மரத்துப்போக வைக்கிற ஊசி உண்டு. நான் ஆயிரக்கணக்கில் போட்டவள். ஆனால் அது வலியை மட்டும் பார்த்து எடுக்காது, காலின் பலத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம். பலமில்லாத காலோடு மூட்டை மேல் உட்கார்ந்து, மடியில் ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டு, எதிரே அக்கினி வேறு. இன்னொரு வகை ஊசி வேலை செய்ய நாளாகும், செய்யும் என்றும் உத்தரவாதம் இல்லை. முடியாது என்றேன்.

"உங்காத்துப் பொண்ணு கல்யாணமா இருந்தா போடுவேளோ?" என்று மாமி கேட்டார்.

நோயாளியின் வீட்டார் கண்ணீரோடு ஒன்று கேட்கும்போது, உங்கள் கையால் அதைச் செய்யவும் முடியும் என்றால், மாட்டேன் என்று சொல்வது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. ஒரே நாள்தானே என்று நம் மனசே நமக்கு எதிராக வாதாடும். எனக்கும் வாதாடியது. "என் பொண்ணு கல்யாணமா இருந்தாலும் போட மாட்டேன் மாமி" என்றேன், குரல் கொஞ்சம் தடித்துத்தான் வந்தது.

உள்ளே படுத்திருந்த வரதராஜன், "ஒரு நாள் மரத்துப் போகட்டுமே டாக்டர்" என்றார்.

"மரத்துப்போன மடியில உங்க பொண்ணு உக்காந்தா உங்களுக்கே தெரியாது சார்."

அதை நான் பெரிய தத்துவமாக நினைத்துச் சொல்லவில்லை, எரிச்சலில் வாயில் வந்தது. மரத்த தொடையில் எது பட்டாலும் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவர் அதற்குப் பிறகு ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை.

"அப்ப நானே உக்காந்துடறேன். கல்யாண வாத்யார்கிட்ட சொல்லிடறேன்" என்று அண்ணா எழுந்தார். அவர் மேல் தப்பே இல்லை, குடும்பத்துக்கு அன்று ஒரு முடிவு தேவைப்பட்டது. ஆனால் அந்த முடிவு சொல்லப்பட்டுவிட்டால் உள்ளே கிடக்கிறவர் அப்புறம் எழுந்திருக்கக் காரணமே இருக்காது. இதை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் செய்துவந்த காரியங்களையெல்லாம் மற்றவர்கள் அன்பாக, ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டுவிடுவார்கள். கடைசியில் அவருக்குச் செய்வதற்கு வலி மட்டும்தான் மிச்சமிருக்கும்.

"வாத்யார்கிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க" என்றேன். "அன்னிக்குக் காலையில நீங்க தயாரா பக்கத்துல நில்லுங்க. யார் உட்காரணும்னு அப்ப அவர் சொல்லட்டும்." அண்ணா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவர் சரி என்று சொல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வரதராஜனைப் படுக்கவிடாமல் அன்றைக்கே எழுப்பினோம். ஸ்டோர் ரூமிலிருந்து கூடம், கூடத்திலிருந்து வாசல். வைதுகொண்டே நடந்தார். சில நாள் கழித்து அவருடைய பெண் வைதேகி தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பெங்களூரில் வேலை பார்க்கும் பெண், கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்திருந்தாள்.

"டாக்டர், நான் அம்பத்தெட்டு கிலோ" என்றாள். "இனிமே இளைக்கறதுக்கு நாள் இல்லை. ஒண்ணு கேக்கறேன். அப்பா மடியில உக்காந்த மாதிரியே தெரியணும், ஆனா வெயிட் அவர் மேல விழக்கூடாது. அப்படி உக்கார முடியுமா?"

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே அந்தப் பெண்ணின் தொடையைப் பார்த்து அளவெடுத்துக்கொண்டிருந்தாள். "முடியும். ஆனா அழுவீங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து எங்கள் பிரிவில் நோயாளி அல்லாத ஒருத்திக்குச் சிகிச்சை நடந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல நிற்க வேண்டும். தொடை நடுங்கும் வரை. பிறகு சுவரும் இல்லாமல். கடைசி வாரத்தில் மாமியின் பழைய ஒன்பது கஜப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மெத்தைச் சுருள் மேல் ஜெசிந்தா அப்பாவாக உட்கார, அவள் மடிக்கு மேல் ஒரு விரற்கடை இடம் விட்டு வைதேகி நின்றாள். ஜெசிந்தா சிரிப்பை அடக்க முடியாமல், "ஆசீர்வாதம் பண்ணட்டுமாம்மா?" என்று கேட்பாள். அந்த அறையில் அவ்வளவு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. அது எனக்கு உறுத்தத்தான் செய்தது. அவர் எங்களுக்காக வலியை மறைத்தார், இப்போது அவள் அவருக்காகக் கனத்தை மறைக்கப் போகிறாள். ஆனாலும் சம்மதித்தேன். மூட்டை மேல் அவர் உட்காருவதற்கு இது ஒரு வழி என்றால் இருக்கட்டும் என்று தோன்றியது.

தை மாதம் வந்தது. ஸ்ரீரங்கத்திலேயே மண்டபம். நான் முன்வரிசையில், ஜெசிந்தா எனக்குப் பக்கத்தில். கையில் ஊசியும் இல்லை மருந்தும் இல்லை. வரதராஜன் காலையிலிருந்து உட்கார்ந்தும் எழுந்தும் நடந்தும் சமாளித்துக்கொண்டிருந்தார். எந்தச் சடங்குக்கு எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதை ஜெசிந்தா வாத்தியாரிடமே முன்கூட்டிப் பேசி வைத்திருந்தாள். அவரும் நல்லவர், மந்திரத்துக்கு நடுவே "சித்த எழுந்து நில்லுங்கோ" என்று அவரே சொன்னார்.

நெல் மூட்டையைக் கொண்டுவந்து போட்டார்கள். அண்ணா ஒப்புக்கொண்டபடி பக்கத்தில் வந்து நின்றார். வாத்தியார் இருவரையும் பார்த்து, "யார் உக்காரப் போறா?" என்றார். வரதராஜன் தன் அண்ணாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

வைதேகி வந்து மடியில் அமர்ந்தாள். அதாவது, அமர்ந்த மாதிரி இருந்தது. எனக்கும் ஜெசிந்தாவுக்கும்தான் தெரியும், கூறைப்புடவையின் கரை பாதத்துக்கு மேலே லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "நல்லா நிக்கிறா மேடம்" என்று ஜெசிந்தா என் காதில் சொன்னாள். வரதராஜன் முன்னால் குனிந்து பெண்ணின் காதில் ஏதோ சொன்னார். அவள் திடுக்கிட்டுத் திரும்பி ஏதோ கேட்டாள். அவர் மறுபடி சொன்னார். அவள் தோள்கள் இறங்கின. புடவைக் கரையின் நடுக்கம் நின்றுபோனது.

"ஐயோ, உக்காந்துட்டா மேடம்" என்றாள் ஜெசிந்தா. நான் பாதி எழுந்துவிட்டேன்.

வரதராஜன் முகம் இறுகியது. வியர்த்தது. கண்ணை மூடியவர் உடனே திறந்துகொண்டார், எதையோ தவறவிட்டுவிடுவோம் என்று பயந்தவர் மாதிரி. கெட்டிமேளம் முழங்கியது. அடுப்படிப் பக்கம் ஆட்கள் இலைக்கட்டோடு ஓடுவது தெரிந்தது. அவர் கை பெண்ணின் தோளைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளை திருமாங்கல்யத்தைக் கட்டினார். வீடியோக்காரர் "சார், அப்படியே ஒரு நிமிஷம்" என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். நம்மிடம் வருகிறவர்களில் பலருக்கு வலி போகாது. அதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் எண்களைத் துரத்திக்கொண்டிருப்போம். எண் குறையாவிட்டால் நாம் தோற்றுவிட்டதாக நினைப்போம். அவர்களுக்கு அது தெரியும், அதனால்தான் நமக்காகக் குறைத்துச் சொல்கிறார்கள். வலியோடு அந்த மனிதர் எங்கே போய் உட்கார ஆசைப்படுகிறார் என்று கேட்டு, அந்த இடம் வரை கூடவே போங்கள். அதற்கு மேல் எதைத் தாங்குவது, எதைத் தாங்காமல் விடுவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். அன்று அந்த மண்டபத்தில் நாங்கள் போட்ட திட்டத்தை எங்கள் கண்ணெதிரிலேயே ஒருவர் மாற்றினார். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

சடங்குகள் முடிந்ததும் அண்ணா அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் ஓர் அறையில் படுக்க வைத்தார். நான் போனபோது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு டம்ளரில் சாத்துமுது, நம் ரசம்தான். வேஷ்டி கசங்கி, நெற்றியில் திருமண் வியர்வையில் கலைந்திருந்தது. கால் விரல்களை அசைக்கச் சொன்னேன், அசைத்தார். பெருவிரல் நன்றாக நிமிர்ந்தது.

"எப்படி சார் இருக்கு?" என்றேன். வழக்கமான அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தேன்.

"எட்டு" என்றார். "ஒம்போதுன்னும் வெச்சுக்கலாம். உயிர் போறது டாக்டர்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இந்தச் சாத்துமுதுல உப்பும் கம்மி. போய்ச் சொல்லச் சொல்லியிருக்கேன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது, அதை மறைக்கவில்லை. வைதேகி மாலையோடு வாசலில் வந்து நின்றாள்.

"பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மூட்டை தூக்கியே இடுப்பு ஒடிஞ்சவன் நான். என் மடியில கனம் விழறதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? வெத்துக் கூடை மாதிரி இருந்தா. 'நன்னா உக்காருடி கொழந்தே'ன்னேன். 'தாங்குவியாப்பா'ன்னு கேட்டா. 'வலிச்சா வலிச்சுட்டுப் போறது, நீ உக்காரு'ன்னேன்."

வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"உக்காந்தா டாக்டர்" என்றார். "முழுசா உக்காந்தா."